பித்தர் என்னும் தீர்ப்பு

கொடுங்கையூரில் நான் மாலை வகுப்பு நடத்தும் கூடத்திற்கு ஒருநாள் மஃரிபுக்குப் பின் மேல்நிலைப் பள்ளி மாணவர் மூவர் ஒரு தாளை ஏந்தி வந்தனர். தாளின் தலைப்பில் இன்றைய அரசியல் தலைவர் ஒருவரின் பெயர் இருந்தது. அதன்கீழ் ஒன்பது அடையாளங்கள் வரிசையாக எழுதப்பட்டு, ஏழுக்கு எதிரே சரிக்குறி இடப்பட்டிருந்தது. "ஹஜ்ரத், இது மனநோய் மருத்துவர்களின் நூலில் உள்ள பட்டியலாம். ஒன்பதில் ஐந்து பொருந்தினாலே நோயாம். இவருக்கு ஏழு பொருந்துகிறது. அப்படியானால் இவர் பைத்தியம்தானே?" என்று அவர்களுள் மூத்தவன் கேட்டான்.

அத்தலைவர் யார் என்பது ஈண்டு வேண்டுவதன்று. அவரை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் நம் வீடுகளிலேயே உண்டு. நான் அம்மாணவர்களிடம், "உயிரோடிருப்பவரை எடைபோட்டால் நம் விருப்பும் வெறுப்பும் தராசில் ஏறிக்கொள்ளும். ஆகவே இதே தாளில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கை நிறுத்திப் பார்ப்போம். நாளை வாருங்கள்" என்றேன். அந்த மறுநாள் பாடத்தின் விரிவே இக்கட்டுரை.

துக்ளக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்திய மன்னர்களுள் பித்தர் என்னும் பட்டத்தை அவரைப்போல் நெடுங்காலம் சுமந்தவர் வேறெவரும் இலர் எனலாம். தமிழ்நாட்டில் நிலையற்ற ஆட்சிக்கு 'துக்ளக் தர்பார்' என்பதே பெயர். கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964 இல் அவரை நாடகமாக்கினார். தமிழில் சோ 1968 இல் மேடையேற்றிய நாடகம் 1971 இல் திரைப்படமாகவும் வந்தது. 1970 இல் அவர் தொடங்கிய இதழும் அப்பெயரையே தாங்கியது. இவற்றுக்கெல்லாம் நெடுநாள் முன்பே, 1841 இல் வெளிவந்த தம் இந்திய வரலாற்றில், எல்பின்ஸ்டன் இம்மன்னருக்கு ஓரளவு சித்தப் பிறழ்ச்சி இருந்திருக்குமோ என்று ஐயுற்றார். அவர் ஐயமாக எழுதியது பின்வந்தோர் பலருடைய வாயில் முடிவாகவே நின்றுவிட்டது.

தாளில் துக்ளக்

மாணவர் கொணர்ந்த பட்டியல் பொய்யன்று. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980 இல் வெளியிட்ட தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் தன்மோக ஆளுமைக் கோளாறு என்பதற்கு இலக்கணம் வகுத்தது. பின்வந்த பதிப்புகளில் அவ்விலக்கணம் ஒன்பது குறிகளாக அமைந்தது. தன்னைப் பற்றிய மிகை மதிப்பு, எல்லையற்ற வெற்றி பற்றிய கனவு, தான் தனிப்பிறவி என்னும் எண்ணம், ஓயாத புகழ் வேட்கை, எதற்கும் தனக்கே உரிமை என்னும் போக்கு, பிறரைக் கருவியாக்கல், பிறர் துயர் உணராமை, பொறாமை, செருக்கு ஆகியன அவை.

இவற்றை எடுத்துக்கொண்டு 1325 முதல் 1351 வரை நடந்த ஆட்சியைப் புரட்டினால் சரிக்குறிகள் தாமே வந்து விழுகின்றன. குராசானை வெல்லப்போவதாகக் கூறி 3,70,000 குதிரைவீரரைத் திரட்டி, ஊதியத்தில் கருவூலத்தைக் கரைத்து, ஒருநாள் படையைக் கலைத்தார் என்கிறார் ஜியாவுத்தீன் பரணி. எல்லையற்ற வெற்றிக்கனவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1327 இல் தேவகிரிக்கு தவ்லதாபாத் எனப் பெயரிட்டுத் தலைநகராக்கி, தில்லியின் மேன்மக்களை அங்கே பெயர்ந்து போகச் செய்தார். பிறரைக் கருவியாக்கலுக்கு இது சான்று. கிளர்ச்சி செய்த தம் அத்தை மகன் பஹாவுத்தீன் குர்ஷாஸ்பை உயிரோடு தோலுரிக்கச் செய்தார். பிறர் துயர் உணராமை இதுவன்றோ? மாணவர் மகிழ்ந்து எண்ணத் தொடங்கினர். ஆறு, ஏழு என்று வந்தது.

தராசின் மறுதட்டு

தராசுக்குத் தட்டு இரண்டு. மறுதட்டில் உள்ளவற்றையும் வைத்தல் வேண்டும்.

சுல்தான் பித்தளை, செம்பு நாணயங்களை வெளியிட்டு அவற்றை வெள்ளித் தங்காவுக்கு ஈடாக வழங்க ஆணையிட்டது அவருடைய பைத்தியக்காரத்தனத்தின் முதற்சான்றாகக் கூறப்படும். ஆயின் அரசின் நம்பகத்தையே பணமாக்கும் எண்ணம் அவருக்கு முன்பே உலகில் இருந்தது. சீனத்தில் குப்ளாய்கானின் தாள்பணம் செல்லுபடியாயிற்று. பாரசீகத்தில் மங்கோலிய மன்னர் கைகாத்து 1294 இல் அதனைப் பின்பற்றித் தோற்றார். இன்று நம் சட்டைப்பையில் உள்ள தாளும் அவ்வெண்ணத்தின் வழிவந்ததே. துக்ளக் தவறியது எண்ணத்தில் அன்று. எந்தக் கொல்லனும் பட்டறையில் அடிக்கக்கூடிய நாணயத்தை, கள்ள நாணயத்தைத் தடுக்கும் வழியின்றி வெளியிட்டதே தவறு. திட்டம் தோற்றபின் அவர் செய்ததை நோக்குக. செம்பு நாணயம் கொணர்ந்தோர்க்கெல்லாம் கருவூலத்திலிருந்து வெள்ளியும் பொன்னும் அளித்தார். மாற்றப்பட்ட செம்பு துக்ளகாபாத்தில் மலைபோல் குவிந்தது என்று பரணியே எழுதுகிறார். தம் பிழையின் விலையைக் குடிகளின் தலையில் ஏற்றாமல் தம் கருவூலத்தின்மீது ஏற்றிக்கொண்ட மன்னரை எந்தக் குறியில் சேர்ப்பது?

தில்லியில் பஞ்சம் வந்தபோது நகர மக்களுக்கு ஆறுமாத உணவை ஆள்வீதம் கணக்கிட்டு அரசுக் களஞ்சியத்திலிருந்து வழங்கினார். உழவர்க்குக் கடன் தந்து, தரிசு நிலங்களைத் திருத்தத் தனித்துறை அமைத்தார். அப்பாஸிய கலீஃபாவின் இசைவின்றி ஆட்சி செல்லாது என்று எண்ணி, நாணயத்தில் தம் பெயரை நீக்கிக் கலீஃபாவின் பெயரைப் பொறித்தார். செருக்குக்கு இட்ட சரிக்குறி இங்கே தடுமாறுகிறது.

இவற்றினும் வியப்பான நிகழ்ச்சி ஒன்றை இப்னு பதூதா கண்ணால் கண்டு எழுதியுள்ளார். தம்மைக் காரணமின்றி அடித்தார் என்று ஒரு சிறுவன் சுல்தான்மீது காழியிடம் முறையிட்டான். தீர்ப்பு சுல்தானுக்கு எதிராக அமைந்தது. அவர் சிறுவனை அவைக்கு அழைத்துக் கையில் கோலைக் கொடுத்து, தாம் அடித்தவாறே தம்மையும் அடிக்கச் செய்தார். இருபத்தொரு அடிகள் விழுந்தன. தலைக்குல்லாவும் கழன்று விழுந்தது.

அதே அரண்மனையின் வாயிலில்தான் கொலையுண்டோரின் உடல்களும் கிடந்தன. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, இரண்டும் உண்மையே. ஒருதட்டை மட்டும் நிறுத்து விலை சொல்பவன் வணிகனாக மாட்டான்; வரலாற்றாசிரியனாகவும் மாட்டான்.

சாட்சிகளை ஆய்தல்

நம் முன்னோர் ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தரத்தை ஆய ஜர்ஹு வ தஅதீல் என்னும் ஒரு கலையையே வளர்த்தனர். ஒருவரின் குறையைக் கூறலும் நேர்மையை நிறுவலும் அதன் பொருள். அதன் விதிகளுள் இரண்டு இவ்விடத்திற்கு வேண்டுவன. ஒருவர் தகுதியற்றவர் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது. எச்செயலால் என்று விளக்கல் வேண்டும். ஒரே காலத்தவர், பகைமையாலோ போட்டியாலோ கொள்கை வேற்றுமையாலோ ஒருவரையொருவர் இகழ்ந்தால் அச்சொல்லைச் சான்றின்றி ஏற்றல் ஆகாது. இவ்விரண்டாம் விதியை வலியுறுத்தியவர்களுள் ஒருவரான இமாம் தஹபீ, துக்ளக் மறைவதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1348 இல் மறைந்தவர்.

துக்ளக்கைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தலைமைச் சாட்சிகள் மூவர். முதலாமவர் பரணி. 17 ஆண்டுகளும் மூன்று மாதமும் சுல்தானின் அவையில் உடனிருந்தவர். ஆனால் அவர் தம் வரலாற்றை எழுதி முடித்தது 1357 இல்; பதவியிழந்து, வறுமையுற்ற எழுபத்துநான்கு வயது முதியவராக. குடிப்பிறப்பையே பெரிதாக மதித்த அவருக்கு, தோட்டக்காரரையும் நாவிதரையும் நெசவாளரையும் சுல்தான் பதவியில் அமர்த்தியது பொறுக்கவில்லை. நம் காலத்தில் நற்பண்பாகத் தோன்றக்கூடிய அச்செயலையும் அவர் குற்றப்பட்டியலிலேயே சேர்த்தார்.

இரண்டாமவர் கவிஞர் இஸாமி. தவ்லதாபாத் பயணத்தில் வழியிலேயே உயிர்நீத்த தொண்ணூறு வயதுப் பாட்டனாரின் துயரை நெஞ்சில் சுமந்தவர். தம் காவியத்தை அவர் படைத்ததோ துக்ளக்கை எதிர்த்து 1347 இல் எழுந்த பாமினி அரசின் நிழலில். அவர் துயர் மெய். அவர் கோபமும் மெய். அக்கோபத்தை நீதிபதியின் இருக்கையில் அமர்த்தல் ஆகாது.

மூன்றாமவர் இப்னு பதூதா. பொய்யர் அல்லர், ஆயினும் கண்டதும் கேட்டதும் அவர் நூலில் கலந்துள்ளன. தில்லியை விட்டுப் போகாதிருந்த குருடரைத் தவ்லதாபாத் வரை இழுத்துச் சென்றதில் ஒரு கால் மட்டுமே போய்ச் சேர்ந்தது என்னும் கதை அவருடையது. அவர் தில்லி வந்ததோ 1334 இல், இடப்பெயர்ச்சி நடந்து ஏழாண்டுகள் கழித்து. அக்காலத்திய சமஸ்கிருதக் கல்வெட்டுகள் தில்லிப் பகுதியில் கிடைத்துள்ளன. தில்லி முற்றாகப் பாழாயிற்று என்னும் கூற்றோடு அவை பொருந்தவில்லை. இதனை எடுத்துக்காட்டியவர் 1938 இல் துக்ளக் பற்றி நூல் வெளியிட்ட மஹ்தி ஹுசைன்.

இப்னு பதூதா நம் மதுரைக்கும் வந்தார். தில்லியிலிருந்து பிரிந்த மஅபர் அரசை அப்போது ஆண்டவர் கியாஸுத்தீன் தாமகானி. பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டதை அங்கே கண்டு நெஞ்சு பதைத்து எழுதினார். அதே சாட்சி, நிகரான கொடுமை. ஆயினும் தாமகானியை எவரும் பித்தர் என்பதில்லை. அவரைக் கொடியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பித்தர் என்னும் பட்டம் கொடுமையின் அளவைப் பொறுத்துத் தரப்படவில்லை என்பது இதனால் விளங்கும்.

எழுதுகோல் யாருக்கு உயர்த்தப்படும்?

மார்க்கச் சட்டத்தில் மஜ்னூன் என்பது வசைச்சொல் அன்று. அஃதொரு சட்ட நிலை. உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமெய்தும்வரை, சித்தம் கலங்கியவர் தெளியும்வரை அவர்களுக்காக எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பது நபிமொழியின் கருத்து. அவர்களின் செயல்கள் குற்றமாக எழுதப்படுவதில்லை. ஆகவே ஒரு மன்னரைப் பித்தர் என்பவர் அவரை இகழ்வதாக எண்ணிக்கொண்டே அவரை விடுதலை செய்துவிடுகிறார். தோலுரிக்கப்பட்டவரின் வழக்கும், வழியில் மாண்ட முதியவரின் வழக்கும் அச்சொல்லோடு தள்ளுபடியாகின்றன.

துக்ளக் அவ்வாறு விடுவிக்கத் தக்கவர் அல்லர். குர்ஆனை நெஞ்சில் ஏற்றியவர். தர்க்கமும் மருத்துவமும் பயின்றவர். தேவகிரியின்மீது அவர் கண் விழுந்ததற்கும் காரணம் இருந்தது. தென்னாட்டைத் தில்லியிலிருந்து ஆள்வது அரிது என அவர் கண்டார். தண்டனைகளையும் அவர் வெறியில் வழங்கவில்லை. கிளர்ச்சி இருக்கும்வரை தண்டனையும் இருக்கும் என்று பரணியிடம் காரணம் கூறியே வழங்கினார். தெளிந்த அறிவோடு செய்த கொடுமை அது. அதற்குக் கணக்கு உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்க்கு விளக்க வேண்டியிருந்தது. மருத்துவர் கூறும் ஆளுமைக் கோளாறு வேறு, பித்து வேறு. முன்னதில் அறிவு மயங்குவதில்லை. ஆகவே பொறுப்பும் நீங்குவதில்லை. அவ்வாறிருக்க, அந்தத் தாளில் ஏழு குறியிட்ட கை எட்டாவதாக எழுதியது பைத்தியம் என்னும் சொல்லையே! பட்டியல் மருத்துவருடையது, தீர்ப்பு தெருவுடையது.

அச்சொல் எவ்வளவு பழைய படைக்கலம் என்பதும் எண்ணத்தக்கது. மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்ன் பித்தர் என்றான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைக் குறைஷியர் அவ்வாறே இகழ்ந்தனர். எழுதுகோலின்மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அல்கலம் அத்தியாயம் அப்பழியை முதலிலேயே மறுத்துரைக்கிறது. இந்த வாளுக்குப் பிடிப்பவன் கையெல்லாம் ஒன்றே; நேற்று அதனைப் பிடித்தவர் யார் என்பதை நினைந்தேனும் நாம் தயங்குதல் வேண்டும்.

மருத்துவர்களே இட்ட வரம்பு

பட்டியலை வகுத்தோர் அதனை இவ்வாறு வழங்க இசைகின்றனரா? 1964 இல் அமெரிக்காவில் பாரி கோல்ட்வாட்டர் அதிபர் தேர்தலில் நின்றார். 'ஃபேக்ட்' என்னும் இதழ் 12,356 மனநோய் மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர் அப்பதவிக்கு மனத்தளவில் தகுந்தவரா என்று வினவியது. 2,417 பேர் விடையளித்தனர். 1,189 பேர் தகுதியற்றவர் என்றனர். அவர்கள் அவரைச் சோதித்தவர் அல்லர். கோல்ட்வாட்டர் வழக்குத் தொடுத்து வென்றார். 1973 இல் அம்மருத்துவர் சங்கம், தாம் நேரில் ஆராயாத, இசைவு பெறாத பொதுவாழ்வினரின் மனநிலை பற்றி மருத்துவர் தீர்ப்புரைத்தல் அறமன்று என விதி செய்தது. நோய்க்குறி என்பது வாழ்நாள் முழுதும், வீட்டிலும் வெளியிலும் நிலைத்து நின்று, துன்பமோ முடக்கமோ விளைப்பதாக இருத்தல் வேண்டும் என்பது அவர்களின் நியதி. மேடையிலும் செய்தியிலும் மட்டும் கண்டு அதனைத் துணிய இயலாது. பட்டியலும் மாறாத வேதமன்று. 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பகுப்பு, ஆளுமைக் கோளாற்றின் பழைய தனித்தனிப் பெயர்களைப் பெரும்பாலும் கைவிட்டு அதன் கடுமையின் அளவையே முதன்மையாகக் கொண்டது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. அரசமைப்பின் 102 ஆம் உறுப்பு, சித்தசுவாதீனம் அற்றவர் எனத் தகுந்த நீதிமன்றம் அறிவித்தவரே நாடாளுமன்ற உறுப்பினராதற்குத் தகுதியற்றவர் என்கிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவரின் அரசியல் நிலையையோ, சமூகத்தின் நெறிகளோடு அவர் ஒத்துப்போகாமையையோ கொண்டு அவரை மனநோயாளி என முடிவு செய்தல் கூடாது என விதிக்கிறது.

பரணியின் வாக்குமூலம்

இவ்வளவும் சொன்னபின் மாணவருள் இளையவன், "அப்படியானால் தலைவர்களைக் குறை சொல்லவே கூடாதா ஹஜ்ரத்?" என்றான். நல்ல வினா. அதற்கு விடை பரணியிடமே உள்ளது.

ஒருநாள் சுல்தான் அவரை அழைத்துத் தம் நாடே நோயுற்றிருப்பதாகக் கூறினார். தலைவலியைத் தீர்த்தால் காய்ச்சல் வருகிறது, காய்ச்சலைத் தீர்த்தால் வேறொன்று தோன்றுகிறது என்று மருத்துவ மொழியிலேயே பேசி, முன்னைய மன்னர்கள் என்ன செய்தனர் என்று வினவினார். நோய் நாட்டுக்கு, தாமோ மருத்துவர். அவர் எண்ணம் அவ்வளவே! பரணி, மக்களின் நம்பிக்கையை இழந்த மன்னர் அரியணையைத் துறந்ததுண்டு என்று வரலாற்றைத் துணையாகக் கொண்டு ஓரளவு கூறினார். ஆயின் நெடுங்காலம் உண்மையை உரைக்காமலே இருந்தமையைப் பின்னாளில் நினைந்து வருந்துகிறார். உயிருக்கு அஞ்சியும் பொருளுக்கு ஆசைப்பட்டும், மார்க்கத்துக்கு மாறான தண்டனைகளைக் கண்டு தாமும் தம்மையொத்த அறிஞரும் வாய்மூடி இருந்ததாக ஒப்புக்கொள்கிறார்.

என் கருத்தில் அந்த ஆட்சியைப் பற்றிய மிகச் சிறந்த சான்று இதுவே. மன்னர் பித்தர் என்றால் குற்றம் அவருடைய மூளையோடு முடிந்துவிடும். பித்தர் அல்லர் என்றால், ஆணையை எழுதிய கை யாருடையது, நிறைவேற்றியவர் யார், சரியெனத் தலையசைத்த அறிஞர் யார், ஊதியம் பெற்று வாளாவிருந்தவர் யார் என்ற கேள்விகள் வரிசையாக எழும். அக்கேள்விகளிலிருந்து தப்பவே பல சமயங்களில் நாம் நோயின் பெயரை நாடுகிறோம் போலும். தலைவரைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். செயலைச் சொல்லுக, நாளைச் சொல்லுக, பாதிக்கப்பட்டவரைச் சொல்லுக. அதுவே காரணம் விளக்கிய ஜர்ஹு.

இறுதியாக ஒன்று. எங்கள் தெருவில் ஒரு தாய், மகனுக்குச் சித்தம் கலங்கியதை ஈராண்டுகள் மறைத்து வைத்திருந்தார். ஏன் என்று கேட்டபோது, "கீழ்ப்பாக்கம் என்று பேர் விழுந்துவிட்டால் என் மகளுக்கு யார் பெண் கேட்டு வருவார், ஹஜ்ரத்?" என்றார். 1794 இல் தொடங்கி எண்ணற்றோர்க்கு மருத்துவம் செய்துவரும் ஒரு நிறுவனத்தின் ஊர்ப்பெயரை வசையாக்கியவர் நாமே. 2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியின்றி மாண்டனர். அந்த 28 பேரில் எவரும் படை திரட்டியவர் அல்லர். எவரையும் தோலுரித்தவர் அல்லர். கொடுமை செய்த அரசருக்கு அவர்களின் நோயைப் பெயராகச் சூட்டுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாம் அநீதியன்றோ!

மாணவர் மூவரும் சற்று நேரம் பேசவில்லை. பின் மூத்தவன் தாளை எடுத்து, பைத்தியம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, "இவர் செய்ததாக நாங்கள் கேள்விப்பட்டவற்றில் எது உண்மை என்று முதலில் தேடுகிறோம் ஹஜ்ரத்" என்றான். தேடட்டும். கண்டது எது, கேட்டது எது, சொன்னவர் யார் என்று பிரித்தறியும் பழக்கம் அவர்களிடம் வேரூன்றினால், அவர்கள் வாக்களிக்கும் நாளிலும் அது துணைநிற்கும்.